"விபத்துக்குக் காரணம்: கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவ உதவி மனு கொடுக்க வந்திருந்தார். மகனுக்கு வயது இருபத்து மூன்று. தோல் ஷாப்பில் ஷேவிங் இயந்திரத்தில் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

நம் மனுப் படிவத்தில் "விபத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தகப்பனார் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: கவனக்குறைவு. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் பாய், பார்த்து வேலை செய்யுடான்னு. கேட்கலையே" என்று கண் கலங்கினார். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

தகப்பனார் தேநீர் குடிக்க வெளியே போன நேரத்தில் பையனிடம் மெதுவாகக் கேட்டேன். அவன் சொன்னது இதுதான். விரல் உருளைக்குள் போகாமல் தடுக்கும் தகடு அந்த இயந்திரத்தில் இல்லை. அவன் வேலைக்குச் சேரும் முன்பே கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். தகடு இருந்தால் கை வேகம் குறையும், எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவனும் இரண்டு வருடம் அப்படியே செய்தான். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் ஒரு நாள் ஆகிவிட்டது.

இதைக் கேட்ட பிறகு "கவனக்குறைவு" என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றுக் கரை ஊர்களில் தோல் தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பம் நம்மில் குறைவு. முதலாளியும் தொழிலாளியும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். ஆகவே இதை இரு தரப்பும் சேர்ந்து யோசிக்க வேண்டும். மனிதர்களின் நடத்தையைப் பற்றி உளவியல் அறிஞர்கள் கண்டறிந்த சில விஷயங்கள் இதற்கு நன்றாக உதவுகின்றன. அவற்றை என்னால் இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

மூன்று கேள்விகள்

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் (1904-1990) வலியுறுத்திய ஒரு கருத்து உண்டு. ஒருவன் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்றால், அந்தச் செயலுக்குப் பின் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வந்தவர்கள் இதை மூன்று கேள்விகளாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு போனார்கள். செயலுக்கு முன் என்ன இருந்தது? செயல் என்ன? செயலுக்குப் பின் என்ன கிடைத்தது?

நம் பையனின் விஷயத்தில் வைத்துப் பார்ப்போம். முன்னால் இருந்தது: கழற்றிய தகடு, "சீக்கிரம்" என்ற குரல், அப்படியே வேலை செய்யும் மற்றவர்கள். செயல்: தகடு இல்லாமல் தோலை உள்ளே தள்ளியது. பின்னால் கிடைத்தது: ஒவ்வொரு நாளும் கூடுதல் எண்ணிக்கை, வாரக் கடைசியில் கூடுதல் கூலி, யாரிடமும் திட்டு வாங்காமை.

விபத்து என்ற விளைவு எங்கோ தூரத்தில் இருந்தது. வரலாம், வராமலும் போகலாம். கூலி என்ற விளைவு அந்த வாரமே நிச்சயமாக வந்தது. உடனே வருவது, நிச்சயமாக வருவது, நன்மையாக வருவது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவுதான் மனிதனின் பழக்கத்தை உருவாக்குகிறது. என்றைக்கோ வரக்கூடிய தீமை, அது எவ்வளவு பெரியதானாலும், பழக்கத்தை அவ்வளவாக அசைப்பதில்லை. ஆபத்தான செயலைச் செய்து ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் "இதில் ஒன்றும் ஆகாது" என்ற பாடத்தைத்தான் மனம் படிக்கிறது.

கையுறை விஷயமும் இதே போலத்தான். போட்டால் உடனே வியர்க்கிறது, பிடி வழுக்குகிறது. போடாவிட்டால் குரோம் உப்பினால் வரும் தோல் அரிப்பும் புண்ணும் மாதங்களோ வருடங்களோ கழித்துத்தான் தெரிகின்றன. அதனால்தான் வீட்டில் "கவனமாக இரு" என்று நாம் சொல்லி அனுப்பும் வார்த்தை இயந்திரத்தின் முன் நின்றதும் பலன் தருவதில்லை. அது செயலுக்கு முன் சொல்லும் ஒரு சொல் மட்டுமே. பின்னால் வரும் கூலி அதை வென்றுவிடுகிறது.

ரொட்டித் தொழிற்சாலையில் செய்து பார்த்தது

இதை மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டிய ஒரு சோதனை 1978-ல் வெளியானது. ஜூடித் கோமாகி என்ற உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையின் இரண்டு பிரிவுகளில் இதைச் செய்தார்கள். காயங்கள் அதிகமாகிக்கொண்டிருந்த இடம் அது.

"பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்" என்ற பொதுப் புத்திமதியை அவர்கள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக, கண்ணால் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று குறிக்கக்கூடிய செயல்களாகப் பட்டியல் போட்டார்கள். எந்தப் பொருளை எப்படித் தூக்குவது, இயந்திரம் ஓடும்போது கையை எங்கே வைப்பது என்பது போன்றவை. முதலில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எண்ணிப் பார்த்தபோது ஒரு பிரிவில் 70 சதவீதமும் இன்னொன்றில் 78 சதவீதமும் செயல்கள் பாதுகாப்பாக இருந்தன. பிறகு தொழிலாளர்களுக்கு எது சரி, எது தவறு என்று படம் காட்டி விளக்கினார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பலகையில் பிரிவின் சதவீதத்தைக் கோடாக வரைந்து வைத்தார்கள். சரியாகச் செய்தவர்களிடம் மேற்பார்வையாளர்கள் அதை வாய்விட்டுச் சொன்னார்கள். சதவீதம் 96 ஆகவும் 99 ஆகவும் உயர்ந்தது.

பிறகு வேண்டுமென்றே பலகையில் எழுதுவதையும் பாராட்டுவதையும் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிரிவுகளும் 71, 72 என்று பழைய நிலைக்கே இறங்கிவிட்டன. ஆட்கள் அதே ஆட்கள். கற்றுக்கொண்டதும் மறந்துவிடவில்லை. செயலுக்குப் பின் வந்துகொண்டிருந்த சிறிய நல்ல விளைவு மட்டும் நின்றுபோயிருந்தது. வருடத்துக்கு ஒரு நாள் பாதுகாப்பு வாரக் கூட்டம் போட்டுப் பேட்ஜ் குத்திவிட்டு நிறுத்திவிடுகிற நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது.

தொட்டிக்குள் இறங்கும் பாசம்

இன்னொரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுகிறோம். பின்னால் வரும் வேலைகளில் அமிலம் சேர்கிறது. இரண்டு கழிவுநீரும் தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். தேங்கிக் கிடக்கும் கழிவுச் சேற்றிலிருந்தும், வீட்டு செப்டிக் டேங்கிலிருந்தும் இது வரும்.

குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு 100 பி.பி.எம். அருகில் போனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர் "வாடை போய்விட்டது" என்று நினைப்பார். 500-ஐத் தாண்டினால் நிமிடங்களில் சுருண்டு விழுவார். 1,000 அளவில் ஓரிரு மூச்சிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் என்ன செய்வார்? குதிப்பார். தம்பி, மச்சான், கூட்டாளி என்று ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பார்கள். இத்தகைய மூடிய இடங்களில் நேர்ந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் எச்சரித்தது. அந்த நிமிடத்தில் யோசிக்க நேரம் இருக்காது, பழக்கம்தான் பேசும். ஆகவே அந்தப் பழக்கத்தை முன்கூட்டியே மாற்றி அமைக்க வேண்டும். கயிறும் இடுப்புப் பட்டையும் இல்லாமல், வாயு அளக்கும் கருவியால் பார்க்காமல், மேலே இழுக்கும் ஏற்பாடு இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. கீழே ஒருவர் விழுந்தால் மேலே இருப்பவர் குதிக்காமல் கயிற்றை இழுத்து, சத்தம் போட்டு, 101-க்கும் 108-க்கும் போன் செய்வார். இதை மாதத்துக்கு ஒரு முறையாவது நடித்துப் பார்த்துப் பழக வேண்டும்.

வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ஐந்து நிமிட வேலைதானே" என்று எந்த ஏழையையும் உள்ளே அனுப்பாதீர்கள். இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழியைத் தொழிலாளி தலையில் போடுவதற்கான வழி அல்ல இது

இந்த உளவியல் முறைக்கு ஒரு தவறான பயன்பாடும் உண்டு. ஹைன்ரிச் என்ற காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி 1931-ல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 சதவீதம் மனிதர்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நடக்கின்றன என்று எழுதினார். இன்றுவரை பலரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் பார்த்த விபத்து அறிக்கைகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்களும் நிறுவனத்தாரும் என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். "காரணம்" என்ற கட்டத்தில் யார் எழுதுகிறார்களோ அவர்கள் கண்ணில் படுவதுதான் காரணமாகிறது. நம் படிவத்தில் அந்தத் தகப்பனார் எழுதியதும் அப்படித்தான்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்து 15 பேர் இறந்தார்கள். வழுக்கி விழுதல், கை நசுங்குதல் போன்ற சிறு காயங்களின் கணக்கு அங்கே நன்றாகவே இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து நிர்வாகம் நிம்மதியாக இருந்தது. பழைய கருவிகள், தள்ளிப்போட்ட பராமரிப்பு ஆகியவை அந்தக் கணக்கில் வரவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது ஒன்று உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்த வெளிமாநிலத்தவர்களே அவர்களில் அதிகம். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. உறங்கியவர்கள் எந்த விதியை மீறினார்கள்? எந்தக் கையுறையைப் போட மறந்தார்கள்?

ஆகவே நடத்தையைப் பார்க்கிறோம் என்றால் எல்லோருடைய நடத்தையையும் பார்க்க வேண்டும். தொட்டியை எவ்வளவு நிரப்பலாம், ஆட்கள் எங்கே தூங்கலாம், தகட்டைக் கழற்றிய இயந்திரத்தை ஓட்டலாமா என்று முடிவு செய்வதும் நடத்தைதான். பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளை மாற்று. பிறகு தடுப்பு போடு. பிறகு பயிற்சியும் விதியும். கையுறையும் முகமூடியும் கடைசி. நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாகக் கையுறையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறோம்.

"விபத்தே இல்லாத மாதத்துக்கு போனஸ்" என்று அறிவிப்பதும் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. போனஸ் போய்விடும் என்ற பயத்தில் காயத்தை மறைப்பார்கள். மறைத்த காயம் சீழ் பிடிக்கும். காயத்துக்குக் காரணமான இயந்திரம் அடுத்தவர் கைக்காகக் காத்திருக்கும். தப்பித்த சம்பவத்தைத் தைரியமாக வந்து சொல்பவரைப் பாராட்டுவதே சரியான வழி.

"எல்லாம் தக்தீர்" என்று சிலர் சொல்வதையும் கேட்கிறேன். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மேல் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தகட்டை மாட்டுவது ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

பாலாற்றுக்கும் இதே கணக்கு

ஆற்றைக் கெடுப்பதும் இதே விளைவுக் கணக்கில்தான் நடக்கிறது. கழிவைச் சுத்தம் செய்யாமல் இரவில் திறந்துவிட்டால் அன்றைக்கே செலவு மிச்சம். கிணறு உப்பாவது பல வருடம் கழித்து, அதுவும் வேறொருவர் நிலத்தில். நன்மை உடனே ஒருவருக்கு, தீமை மெதுவாக ஊருக்கு.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நம் பாலாற்றைப் பற்றியதுதான். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியாகச் சொன்னார்கள். உளவியல் கண்ணோடு பார்த்தால், தூரத்தில் அடுத்தவர் தலையில் விழுந்துகொண்டிருந்த விளைவைச் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடு அது.

ஆனால் தீர்ப்பு மட்டும் தினசரிப் பழக்கத்தை மாற்றிவிடாது. உப்பை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. ஊறவைக்கும் முன் அந்த உப்பை உதறி எடுத்துவிட்டால் அவ்வளவு உப்பு தண்ணீரில் கரையாமல் தப்புகிறது. கரைந்துவிட்டால் சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது. சவ்வு வழியாக வடிகட்டி, காய்ச்சி எடுக்கத்தான் வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் நிறையச் செலவாகும். பிறகும் அந்த உப்பு மூட்டையாகக் கிடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவசரத்தில் பாதி உதறுகிறார்கள். ஏன்? தொழிலாளிக்கு எண்ணிக்கை போடுவது ஊறப்போட்ட தோலுக்கு. உதறி எடுத்த உப்புக்கு யாரும் எண்ணிக்கை போடுவதில்லை. உதறிய உப்பைத் தினமும் எடை போட்டு, இத்தனை தோலுக்கு இத்தனை கிலோ என்று பலகையில் எழுதி, அதற்கும் கூலியில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள். ரொட்டித் தொழிற்சாலையில் நடந்தது இங்கேயும் நடக்கலாம்.

அறிவிப்புப் பலகைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் துண்டுகளைத் தினமும் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்தச் சொல்லி அறைகளில் அட்டை வைத்தார்கள். சில அறைகளில் "சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்" என்றும், சிலவற்றில் "இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்றும் எழுதியிருந்தது. 2008-ல் வெளியான அந்த ஆய்வில் முதல் அட்டைக்கு இணங்கியவர்கள் 35 சதவீதம், இரண்டாவதற்கு 44 சதவீதம். மனிதன் புத்திமதியைவிடப் பக்கத்தில் இருப்பவனைத்தான் அதிகம் பார்க்கிறான். ஆகவே "எல்லோரும் குப்பையைக் கால்வாயில் கொட்டுகிறார்கள், வெட்கக்கேடு" என்று பயான் செய்தாலும் பலகை எழுதினாலும், கேட்பவர் மனதில் பதிவது "எல்லோரும் கொட்டுகிறார்கள்" என்பதுதான். சரியாகச் செய்கிறவர்களைச் சொல்லிக் காட்டுங்கள். அது பொய்யாக இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

நாம் என்ன செய்யலாம்

வீட்டில் இருப்பவர்களுக்கு: "கவனமாக இரு" என்பதோடு நிறுத்தாமல், குறிப்பாகக் கேளுங்கள். "இன்றைக்குத் தகடு மாட்டியிருந்ததா? தொட்டிப் பக்கம் போனீர்களா? யார் கூட நின்றார்கள்?" உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள். கோபப்பட்டால் நாளை சொல்லமாட்டார்கள்.

தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு: உங்கள் ஷாப்பில் ஐந்தாறு செயல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து போடுங்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலோ படத்திலோ காட்டுங்கள். வாரம் இரு முறை எண்ணுங்கள், பெயர் எழுதாதீர்கள். பிரிவின் சதவீதத்தைப் பலகையில் போடுங்கள். பட்டியலில் முதல் வரி உங்களுடையதாக இருக்கட்டும்: கழற்றிய தகடுகள் எத்தனை, அவற்றில் இந்த வாரம் மாட்டியவை எத்தனை. தகட்டோடு வேலை செய்தால் எண்ணிக்கை குறையும் என்றால், கூலிக் கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். அந்த இழப்பைத் தொழிலாளி விரலால் ஈடு கட்டக்கூடாது.

காயம் பட்டவர்களுக்கு: இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலையில் நேர்ந்த காயத்துக்கு அந்த உதவி பெற, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரை கிடைக்கும். வெட்கப்பட்டோ பயந்தோ "வீட்டில் அடிபட்டது" என்று ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். பிறகு திருத்துவது கடினம். மனு எழுத உதவி வேண்டுமானால் அலுவலகத்துக்கு வாருங்கள்.

கடைசியாக, நாம் செய்த ஒரு சிறு மாற்றம். நிர்வாகக் குழுவில் பேசி, நம் மருத்துவ உதவிப் படிவத்திலிருந்து "விபத்துக்கான காரணம்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் மூன்று கேள்விகள் போட்டிருக்கிறோம்: விபத்துக்கு முன் அங்கே என்ன நிலைமை இருந்தது? என்ன வேலை செய்துகொண்டிருந்தார்? இதே வேலையை மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்களா, ஏன்? பெயர் சொல்லாமல் அந்தப் பதில்களைத் தொகுத்து, தொழில் நடத்தும் நம் சகோதரர்களோடு ஆண்டுக்கு இரு முறை உட்கார்ந்து பேச இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பையன் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறான். புதிய படிவத்தை முதலில் நிரப்பிக் கொடுத்தது அவன்தான். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனின் தோளில் கை வைத்து எழுந்து போனார்.

வஸ்ஸலாம்.

செயலாளர்